அறையைச் சுமக்கும் பிக்-அப் வண்டி: எந்த ரயர், எந்த ஸ்பிறிங்?

கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளரும் பொருளாளரும் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மதிப்பீட்டுக் கடதாசியுடன் எம்மிடம் வந்தார்கள். சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு தொன் பிக்-அப் வண்டியின் பின்தட்டைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டமும் பலகையும் தகடும் கொண்டு அதில் ஓர் அறையை அமைத்திருக்கிறார்கள். உள்ளே நோயாளரைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டில், மருந்து அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, சிறு குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உண்டு. பஸ் போகாத வன்னிக் கிராமங்களுக்கு இதை நடமாடும் மருந்தகமாக அனுப்புவது திட்டம்.

திட்டம் நல்லது. ஆனால் அறை ஏறிய நாள் தொடக்கம் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. வளைவுகளில் சரிகிறது. நான்காவது பயணத்தில் பின் ரயர் ஒன்று வெடித்து, வண்டி வீதியை விட்டு வயலுக்குள் இறங்கி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. எனினும், வண்டியைச் சரிப்படுத்தும் வரை இனி அதில் ஏற மாட்டேன் என்று தாதி சொல்லிவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். அன்றிலிருந்து மருந்தகமும் நின்றுவிட்டது.

கடதாசியில் இருந்தவை இவைதான்: பக்கத்துக்கு மூன்று ஸ்பிறிங் தகடுகள் மேலதிகமாகப் போடுதல், பெரிய பல் வைத்த ரயர் நான்கு, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துதல். "இதைச் செய்தால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் எண்டு கராஜிலை சொல்லுகினம், சுவாமி" என்றார் பொருளாளர். அந்தச் செலவுக்கு நாம் சிபாரிசு எழுத வேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள்.

நாம் உடனே எழுதவில்லை. இதே கேள்வி வேறு இரு இடங்களிலிருந்தும் எமக்கு வந்திருப்பதால், அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். நடமாடும் நூலகம், பல் சிகிச்சை வண்டி, தையற் பயிற்சி வண்டி என்று எதற்காக அறை கட்டினாலும் கணக்கு ஒன்றுதான்.

பிக்-அப்பின் முதுகில் அறையை வைத்து ஓடுவது புதிய விடயமல்ல. வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடும்பங்கள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி சகிதம் ஓர் அறையை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படுகின்றன. 'கம்பர்' என்று அதற்குப் பெயர். (எமது கவிச்சக்கரவர்த்திக்கும் இதற்கும் தொடர்பில்லை!) அவர்கள் உல்லாசப் பயணத்துக்குச் செய்வதை நாம் மருந்து கொண்டுபோகச் செய்கிறோம். ரயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே அங்குள்ளவர்கள் நீண்ட பழக்கத்தினால் கண்டறிந்தவற்றில் எமக்கு உதவக்கூடியவை பல உண்டு. உதவாதவையும் சில உண்டு. அவற்றையும் குறிப்பிடுவோம்.

முதலில் தராசு

செயலாளரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி: "வண்டி எவ்வளவு பாரம்?" அவருக்குத் தெரியவில்லை. சாரதிக்கும் தெரியவில்லை. அறையைக் கட்டியவருக்கும் தெரியவில்லை. எமது பகுதிகளில் இது வழமையானதே. எல்லாரும் அறைக்குள் என்னென்ன வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். நிறுத்துப் பார்ப்பவர் எவருமில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் கதவுச் சட்டத்திலோ இயந்திரப் பகுதியிலோ ஒரு தகடு இருக்கும், அல்லது கைந்நூலில் எழுதியிருக்கும். வண்டியும் சாமானும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு வரை போகலாம், முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்ற மூன்று எண்களே முக்கியம். 'ஒரு தொன் வண்டி' என்றால் வண்டிக்குப் புறம்பாக ஒரு தொன் என்பதே பொருள். அந்த ஒரு தொன்னுக்குள்தான் அறையும், அறைக்குள் இருப்பவையும், பெரும்பாலும் சாரதியும் பக்கத்தில் இருப்பவர்களும் அடங்க வேண்டும்.

பெரிய அரிசி ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். புறப்படும் நாளில் எப்படிப் போவீர்களோ அப்படியே, தண்ணீர் நிரப்பி, எரிபொருள் நிரப்பி, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய் நிறுங்கள். முதலில் முன் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். அடுத்து முழு வண்டி. பிறகு பின் சில்லுகள் மட்டும். மூன்று எண்களும் வேண்டும். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லை மீறியிருக்கும் வண்டிகள் பல.

சங்கத்தின் வண்டியை நிறுத்தபோது மொத்தம் 2,920 கிலோ. முன்னுக்கு 1,080, பின்னுக்கு 1,840. தகட்டில் உள்ள எல்லை மொத்தம் 2,800. பின் அச்சுக்கு 1,700. அதாவது மொத்தத்தில் 120 கிலோவும், பின் அச்சில் 140 கிலோவும் கூட. பின் ரயர்கள் 185ஆர்14சி என்ற அளவு. அவை ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது 850 கிலோ, இரண்டும் சேர்ந்து 1,700. ரயர் வெடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஸ்பிறிங் தகடு கூடப் போட்டால் வண்டி தாங்கும் பாரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். தகடு கூடப் போட்டால் வண்டி தாழாது; அவ்வளவுதான். அச்சும், அதன் பெயறிங்கும், சில்லின் றிம்மும், பிறேக்கும், சசியும் பழையனவே. வண்டி தாழ்ந்திருக்கும்போது பாரம் கூடிவிட்டதென்று கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று தகடு போட்ட பின்னர் அந்த எச்சரிக்கையும் இல்லாமற் போய்விடும். அப்போது இன்னும் நான்கு கதிரை ஏறும்.

தண்ணீர் எங்கே இருக்கிறது?

செலவில்லாத திருத்தம் ஒன்று உண்டு: பாரத்தைக் குறைத்தலும் இடம் மாற்றுதலும். இந்த வண்டியில் 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி அறையின் கடைசிச் சுவரோடு, பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. குழாய் வெளியே நீட்ட வசதி என்று அங்கே வைத்தார்களாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 200 கிலோ.

பாடசாலையில் படித்த நெம்புகோல் கணக்கை நினைவுகூருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீற்றர். பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 200 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 200 அல்ல, ஏறக்குறைய 267. அந்த மேலதிக 67 கிலோ முன் சில்லுகளிலிருந்து தூக்கப்படுகிறது. சீசோ ஆட்டம்தான். முன் சில்லு இலேசானால் ஸ்ரியறிங் பிடி தளரும். மழையில் வண்டி திரும்ப மறுக்கும். "கை வைச்சால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கு" என்று சாரதி சொன்னது இதைத்தான்.

தாங்கியை அச்சுக்கு அரை மீற்றர் முன்னால் கொண்டுவந்து, 60 லீற்றர் மட்டும் நிரப்புவதென முடிவாயிற்று. போகும் ஊர்கள் எல்லாவற்றிலும் கிணறோ குழாய்க்கிணறோ உண்டு. தண்ணீரை ஏன் இங்கிருந்து சுமக்க வேண்டும்? அச்சுக்கு நேர் மேலே அடுக்கியிருந்த இருபது பிளாஸ்ரிக் கதிரைகளும் இறக்கப்பட்டன. கதிரையைக் கிராமத்துப் பாடசாலையோ வாசிகசாலையோ தரும். மீண்டும் நிறுத்தபோது மொத்தம் 2,730. பின்னுக்கு 1,570, முன்னுக்கு 1,160. ஒரு சதமும் செலவில்லாமல் பின் அச்சிலிருந்து 270 கிலோ போய்விட்டது.

புதிதாக அறை கட்டப்போகிறவர்கள் இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக அலுமினியத்தைப் பற்றி விசாரிப்பது நல்லது. விலை கூட, ஆனால் பாரம் குறைவு. உப்புக் காற்றுக்கும் தாங்கும். அறையின் உயரத்தை ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மேல் ஒரு அங்குலமும் கூட்டாதீர்கள். பற்றரி, ஜெனரேற்றர் போன்ற பாரமானவை தரையோடு இருக்கட்டும். பஞ்சும் துணியும் மேலே போகட்டும். இன்னொன்று: வண்டியின் உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வண்டி விபத்தில் சிக்கினால் சங்கம் கடனில் மூழ்கும்.

ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

பாரம் தெரிந்த பின்னர்தான் ரயர் கடைக்குப் போக வேண்டும். கடையில் முதலில் விலையைக் கேட்கிறோம், அடுத்துப் பெயரைக் கேட்கிறோம். ரயரின் பக்கச் சுவரை வாசிப்பவர் குறைவு. தேவையானது எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

அளவுக்குப் பின்னால் 102/100 அல்லது 106/104 என்று இரு எண்கள் இருக்கும். இவை சுமைச் சுட்டெண்கள். எண்ணே கிலோ அல்ல. அதற்கு ஓர் அட்டவணை உண்டு. 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 110 என்றால் 1,060. முதல் எண், அச்சின் ஒரு பக்கத்தில் ஒரு சில்லு மட்டும் உள்ள வண்டிக்கு. இரண்டாவது எண், பின்னால் இரட்டைச் சில்லு உள்ள லொறிக்கு. இரட்டையில் ஒரு ரயருக்குரிய பாரம் சற்றுக் குறைத்தே கணக்கிடப்படுகிறது. ஏனெனில் இரண்டும் ஒருபோதும் சரிசமமாகச் சுமப்பதில்லை.

'8 பி.ஆர்.' என்றும் எழுதியிருக்கும். இது ரயருக்குள் எட்டு அடுக்கு நூல் இருக்கிறதென்ற பொருளல்ல. பழைய காலத்தில் எட்டு அடுக்கு ரயர் எவ்வளவு பலமோ அவ்வளவு பலம் என்ற அளவீடு மட்டுமே. அளவின் முடிவில் வரும் 'சி' என்ற எழுத்து, அது பாரம் ஏற்றும் வண்டிக்குச் செய்த ரயர் என்பதைக் காட்டுகிறது. அந்த எழுத்து இல்லாத கார் ரயர்கள் பிக்-அப்புக்கும் அளவாகப் பொருந்திவிடும், விலையும் குறைவு, ஓடும்போது மெத்தென்றும் இருக்கும். அறை சுமக்கும் வண்டிக்கு அவை வேண்டாம். அமெரிக்காவில் கார் ரயரைப் பிக்-அப்புக்குப் போடும்போது அதில் எழுதியுள்ள சுமையை 1.10 ஆல் வகுத்தே கணக்கெடுக்கிறார்கள். பாரம் மட்டுமல்ல காரணம்: கார் ரயரின் பக்கச் சுவர் மெல்லியது. உயரமான அறை ஒரு பக்கம் சாயும்போது அந்தச் சுவர் வளைந்து கொடுக்கும். சாய்வு இன்னும் கூடும்.

சங்கத்தின் வண்டிக்கு 195ஆர்14சி, 8 பி.ஆர்., 106/104 என்ற அளவை நாம் சொன்னோம். பின் ரயர் இரண்டும் சேர்ந்து 1,900 கிலோ தாங்கும். 1,570 கிலோவுக்கு இது போதுமானதற்கு மேல். அந்த மிச்சம் வேண்டும். ஏனெனில் வளைவில் பாரம் வெளிப்பக்க ரயருக்குப் போய்விடும், பள்ளத்தில் விழும்போது ஒரு நொடிக்கு இரட்டிப்பாகும். பழைய 14 அங்குல றிம்மிலேயே அது பொருந்தியது. எனினும் றிம்மின் அகலத்தையும், றிம் தாங்கும் பாரத்தையும் பார்க்காமல் ரயரை மாற்றக் கூடாது. அலங்காரத்துக்கு விற்கும் அலோய் றிம்கள் சிலவற்றில் சுமை அளவே எழுதியிருக்காது. அவற்றைத் தொடாதீர்கள். ரயர் பெரிதானாலும் அச்சின் எல்லை 1,700 தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

'டி.ஓ.ரி.' என்று தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருந்தால், அவை ரயர் செய்யப்பட்ட வாரமும் வருடமும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பல உற்பத்தியாளர்கள் ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடமானால் பல் தேயாவிட்டாலும் கழற்றவும் சொல்கிறார்கள். எமது வெயிலுக்கு நாம் இன்னும் முந்திக் கழற்றுவோம். மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஓடி, மற்ற நாட்களில் முற்றத்தில் நிற்கும் வண்டியின் ரயர் தேய்வதில்லை. வெடித்துக் காய்ந்துதான் போகிறது. பார்வைக்குப் புதிதுபோல இருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஐந்து வருடங்களாக எல்லாரும் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடினோம். பாவித்த ரயர், றீபில்ட் ரயர் வாங்கும் பழக்கம் அதில் வேரூன்றிவிட்டது. நல்ல இடத்தில் செய்த றீபில்ட் ரயரை லொறியின் பின் இரட்டைச் சில்லுகளுக்குப் போடுவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. ஒற்றைச் சில்லு பிக்-அப்பில் உயரமான அறை இருக்கும்போது வேண்டாம்; முன் சில்லுக்கு எந்த வண்டியிலும் வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலோன், மறுபக்கம் ரேடியல் என்று கலக்கவும் கூடாது.

பல்லைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கடதாசியில் எழுதியிருந்த பெரிய பல் ரயர் சேற்றுக்குச் செய்யப்பட்டது. இந்த வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார் வீதியும் கிரவல் வீதியும். குளக்கட்டும் வயற்பாதையும் கடைசிக் கொஞ்சம். சேற்று ரயர் தாரில் இரையும், கெதியில் தேயும், மழை பெய்த தாரில் பிறேக் பிடித்தால் தூரம் போய் நிற்கும். இரண்டுக்கும் பொதுவான நடுத்தரப் பல் போதும். மாரியில் கடைசி அரைக் கட்டை போக முடியாவிட்டால் வண்டி சந்தியில் நிற்கட்டும். மருந்துப் பெட்டி சைக்கிளில் போகும்.

காற்று

ரயர் சுமப்பது றப்பரால் அல்ல, காற்றால். 8 பி.ஆர். ரயர் ஒன்று எழுதியுள்ள முழுப் பாரத்தையும் தாங்க வேண்டுமானால் சுமார் 65 இறாத்தல் காற்று வேண்டும். சங்கத்தின் வண்டியில் அறை இல்லாத காலத்தில் அடித்த 35 இறாத்தலே இருந்தது. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிறது, வளைவு சூடாகிறது, சூடு றப்பரையும் நூலையும் பிரிக்கிறது. வெடிப்பது கடைசியில்தான். ஆவணி வெயிலில், தார் கொதிக்கும் மத்தியானத்தில், பாரத்தோடு வேகமாக ஓடும்போது அது நடக்கும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிய ரயரில் அமுக்கம் தானாக ஏறும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை. சங்கத்துக்கென ஒரு நல்ல அமுக்கமானி வாங்குங்கள். வீதியோரக் கடைகளில் உள்ளவை ஒன்றுக்கொன்று பத்து இறாத்தல் வித்தியாசம் காட்டுவதைக் கண்டிருக்கிறோம். சாதாரண றப்பர் வால்வு 65 இறாத்தல் வரைக்கும்தான். அதற்கு மேல் போகும் ரயருக்கு உலோக வால்வு போட வேண்டும். மணலில் புதைந்தால் காற்றைக் குறைத்து வெளியேறலாம். ஆனால் மெதுவாக ஓடி, திரும்ப அடிக்கப் பம்ப் கையில் இருந்தால் மட்டும்.

ஸ்பிறிங்: நோய் எது, மருந்து எது?

வண்டி 'சரியில்லை' என்பதற்குள் மூன்று வேறு நோய்கள் உண்டு. பின்பக்கம் தாழ்வது ஒன்று. பள்ளத்தில் விழுந்தபின் நிற்காமல் ஊஞ்சலாடுவது இன்னொன்று. வளைவிலும் காற்றிலும் பக்கத்துக்குச் சரிவது மூன்றாவது. முதலாவதற்கு ஸ்பிறிங், இரண்டாவதற்கு ஷொக் அப்சோபர், மூன்றாவதற்கு ஸ்ரெபிலைசர் கம்பி. எமது கராஜ்களில் மூன்றுக்கும் ஸ்பிறிங் தகட்டையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். தகடு கையில் இருக்கிறது, கம்பி கையில் இல்லை என்பதே காரணமென நினைக்கிறோம்.

அமெரிக்கர் விரும்பும் முறை, அச்சுக்கும் சசிக்கும் இடையே காற்றுப் பை வைப்பது. அறையை ஏற்றினால் பையில் காற்றைக் கூட்டுவார்கள், இறக்கினால் குறைப்பார்கள். அவர்களது அறை கழற்றி இறக்கக்கூடியது என்பதால் அது பொருத்தம். எமது அறை போல்ற் போட்டு இறுக்கியது. வருடம் முழுவதும் இறங்காது. பாரம் மாறாத வண்டிக்கு மாற்றக்கூடிய பை எதற்கு? எமது கிரவலில் கல் பட்டு ஓட்டையானால் திருத்துபவரும் கிளிநொச்சியில் கிடைக்க மாட்டார். யாராவது போட்டே தீருவதென்றால் இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் பாரமான பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சரிவை இன்னும் கூட்டும்.

இதே காரணத்தால், பாரம் ஏறும்போது மட்டும் தொடும் உதவித் தகடும் எமக்குப் பெரிதாக உதவாது. அறை நிரந்தரம் என்பதால் அது எந்நேரமும் தொட்டபடியே இருக்கும். சரியான வழி, முழு ஸ்பிறிங் கட்டையும் கழற்றி, களைத்த தகடுகளை மாற்றி, அறையோடு நிறுத்த பாரத்துக்கு ஏற்ப வளைவு அமைத்து, தேவையானால் ஒரு தகடு கூட்டிக் கட்டுவதே. பழைய தகட்டை உலையில் காய்ச்சி அடித்து வளைக்கும் வழக்கம் உண்டு. அடித்த பின் எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தாவிட்டால் சில மாதங்களில் அது பழையபடி தட்டையாகிவிடும், அல்லது முறியும்.

மூன்று தகடு ஏன் கூடாது? தகடு கூடக்கூட ஸ்பிறிங் விறைக்கும்; தடித்த தகடானால் சொல்லவே வேண்டாம், தடிப்பு இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு. விறைத்த ஸ்பிறிங் வளையாது. அது வளையாத இடத்தில் சசி வளையும், அறையின் ஒட்டு வெடிக்கும், குளிர்சாதனப் பெட்டியில் உள்ள மருந்துக் குப்பிகள் மோதி உடையும். தாதியின் முதுகையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரிவுக்கு வருவோம். சங்குப்பிட்டிப் பாலத்திலும் மன்னார்த் தாம்போதியிலும் சோழகக் காற்று வீசும் மாதங்களில் உயரமான வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின் அச்சுக்கு ஒரு ஸ்ரெபிலைசர் கம்பி போட்டால், ஒரு பக்கம் அமரும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்து அறையை நிமிர்த்தி வைக்கும். பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில் அதே இன வண்டியினதைத் தேடினால் கிடைக்கும். அதன் றப்பர் புஷ்களைப் புதிதாகப் போடுங்கள். நாலு ஷொக் அப்சோபர்களையும் ஒன்றாக மாற்றுங்கள். எண்ணெய் கசிந்த ஷொக் அப்சோபர் வெறும் இரும்புக் குழாய்.

யாரும் சொல்லாத ஒரு வால்வு

கடதாசியில் இருந்த மூன்றாவது யோசனையான மூன்று அங்குல உயர்த்தலை நாம் முற்றாக மறுத்தோம். அறை ஏறியதால் ஏற்கனவே உயர்ந்துவிட்ட வண்டியை இன்னும் உயர்த்துவது சரிவைக் கூட்டும். அதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு.

பல பிக்-அப் வண்டிகளில் பின் அச்சையும் சசியையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் மேல் முனையில் ஒரு பிறேக் வால்வு. வண்டி தாழ்ந்திருந்தால் 'பாரம் இருக்கிறது' என்று கண்டு பின் பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். உயர்ந்திருந்தால் 'வெறும் வண்டி' என்று கண்டு, பின் சில்லு இறுகிச் சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். தகடு கூட்டி வண்டியை உயர்த்தியதும் இந்த வால்வு ஏமாந்துபோகிறது. அறை முழுப் பாரத்தோடு இருக்க, பின் பிறேக் வெறும் வண்டிக்குரிய அளவே பிடிக்கும். முன் பிறேக் தனியே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் அது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிறிங்கில் கை வைத்தால், எவ்வளவு சிறிதானாலும், கைந்நூலில் உள்ளபடி இந்தக் கம்பியைச் சரிசெய்யும்படி கேளுங்கள். கம்பியைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறோம். முன்விளக்கின் சாய்வையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

சங்கத்துக்கு நாம் எழுதிக் கொடுத்த சிபாரிசு

கராஜ் மதிப்பீட்டுக்குப் பதிலாக நாம் சிபாரிசு செய்த செலவு இந்த ஒழுங்கில் இருந்தது: உதிரிச் சில்லையும் சேர்த்து ஐந்து ரயர், நாலு ஷொக் அப்சோபர், பின் ஸ்ரெபிலைசர் கம்பி, ஸ்பிறிங் கட்டைக் கழற்றிக் களைத்தவற்றை மாற்றி, பக்கத்துக்கு ஒரு தகடு கூட்டிக் கட்டுதல், பிறேக் வால்வைச் சரிசெய்தல். பணம் ஒரே தடவையில் கிடைக்காவிட்டால் ரயரும் ஷொக் அப்சோபரும் முதலில். ஸ்பிறிங் பொறுக்கும், ரயர் பொறுக்காது.

மொத்தச் செலவு கராஜ் மதிப்பீட்டைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது, பெரிதாக அல்ல. பொருளாளருக்கு ஐந்தாவது ரயரில் மனமில்லை. பழையதில் ஒன்றை உதிரியாக வைக்கலாமே என்றார். பழையதன் விட்டம் வேறு, சுமை வேறு. அதைப் பின்னால் போட்டு நாற்பது கட்டை ஓடுவதென்பது வெடித்த அன்றைய நிலைக்கே திரும்புவது என்று விளக்கினோம். ஐந்தும் வாங்கினார்கள்.

வேலை முடிந்து முதற்பயணத்தில் தாதியும் ஏறினார். சாரதியிடம் நாம் கேட்டுக்கொண்டவை வேறு. சில்லு நட்டுகளை முதல் நூறு கிலோமீற்றருக்குள் மீண்டும் இறுக்க வேண்டும். ஸ்பிறிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ற்களைச் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் இறுக்க வேண்டும். புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படிந்ததும் அவை தளரும். அறைக்குள் புதிதாக ஏதும் பொருத்தினால், அது ஒரு இறாக்கை ஆனாலும், திரும்பவும் தராசுக்குப் போக வேண்டும். வண்டியோடு வந்த ஜக் வெறும் வண்டிக்குரியது. ஆகவே இரண்டு தொன்னுக்குக் குறையாத போத்தல் ஜக் ஒன்றும், மணலில் அதன் அடியில் வைக்க ஒரு முதிரைப் பலகைத் துண்டும், சில்லு உருளாமல் வைக்க இரண்டு கட்டைகளும் இருக்கையின் பின்னால் இருக்க வேண்டும்.